வீட்டில் மின்வயர்களை இணைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் முதல் களியக்காவிளை வரையிலும், எல்லை தாண்டிக் கேரளத்தின் பாறசாலைப் பக்கத்திலும் பல ஆண்டுகளாக வீட்டு வயரிங் வேலை செய்து வருகிறேன். ஃபேன் மாட்டவோ ஸ்விட்ச் மாற்றவோ போகும் வீடுகளில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை, அறுந்துபோன அல்லது நீளம் போதாத வயரை எப்படிச் சேர்ப்பது என்பதைச் சுற்றியே இருக்கும். நான் போய்ப் பார்க்கும் பழுதுகளிலும் பெரும்பகுதி யாரோ எப்போதோ அவசரத்தில் போட்ட ஒரு ஜாயின்ட்டில்தான் போய் நிற்கும். ஆகவே அந்தக் கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

வீட்டில் உள்ளவர்களே வயர் வேலை செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறதா?

ஓரளவுக்கு இடம் கொடுக்கிறது. விளக்கு, மின்விசிறி, ஃப்யூஸ், ஸ்விட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாதனம் ஆகியவற்றை, வயரிங்கின் திறனோ தன்மையோ மாறாத வகையில் மாற்றிப் பொருத்துவதற்கு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் தேவையில்லை என்ற விலக்கு, 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதியிலேயே இருந்தது. மத்திய மின்சார ஆணையம் 2010ல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் அது தொடர்ந்தது. புதிதாக ஒரு பிளக் பாயின்ட் இழுப்பது, ஏ.சி.க்குத் தனி வயர் கொண்டுவருவது, போர்டை இடம் மாற்றுவது போன்றவை இந்த விலக்குக்குள் வராது. மின்கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் வயரும் மீட்டர் முத்திரையும் மின்வாரியத்தைச் சேர்ந்தவை. அங்கே நானும் கை வைப்பதில்லை, நீங்களும் வைக்கக் கூடாது.

இந்தப் பக்கத்தில் சொல்லியிருப்பவை அந்தச் சிறிய எல்லைக்கு உட்பட்ட வேலைகளுக்கானவை. ஸ்விட்ச் மாற்றும்போது வயர் நுனி ஒடிந்து நீளம் குறைந்துவிட்டது, ஃபேன் மாட்டும் இடத்தில் கொக்கிவரை வயர் எட்டவில்லை, பழைய டியூப் லைட்டைக் கழற்றி எல்.இ.டி. மாட்டும்போது இரண்டு வயர்களைச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்பவைதான் வழக்கமாக வீட்டில் வரும் நிலைமைகள்.

இரண்டு வயரையும் நன்றாக முறுக்கி டேப் சுற்றினால் போதாதா? எங்கள் வீட்டில் அப்படித்தான் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓடும். இந்த முறையிலுள்ள ஆபத்தே அதுதான். தவறான ஜாயின்ட் போட்ட அன்றே விளக்கு எரியாமல் போனால் யாரும் அதை அப்படியே விடமாட்டார்கள். அது பல ஆண்டுகள் எரிந்துகொண்டிருப்பதால்தான் உள்ளே நடப்பது தெரியாமல் போகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்குப் போகும் வயரில் எங்கோ தளர்ந்த ஜாயின்ட் ஒன்று இருந்து, அதன் மின்தடை 0.3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் படித்த ஜூல் வெப்ப விதிப்படி, மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால், அந்த ஒரு புள்ளியில் மட்டும் 22 வாட்டுக்கு மேல் வெப்பம் வெளியாகிறது. ரேடியோ மெக்கானிக் கையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். கிட்டத்தட்ட அப்படி ஒன்றைச் செருகி வைத்து, டேப்பால் மூடி, காற்றோட்டமில்லாத பெட்டிக்குள்ளோ மச்சுக்கு மேலேயோ வைத்துவிட்டு நாம் குளிக்கப் போகிறோம். கீசருக்குக் குறைந்து போகும் மின்னழுத்தமோ 3 வோல்ட்கூட இல்லை. தண்ணீர் வழக்கம்போலச் சுடும், யாருக்கும் சந்தேகம் வராது.

வீட்டு வயரின் மேலுள்ள சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்துக்கென்று செய்யப்படுவது. ஜாயின்ட் சூடாகும்போது செம்பு விரிகிறது, கீசரை அணைத்ததும் சுருங்குகிறது. நாள்தோறும் இப்படி விரிந்து சுருங்குவதால் முறுக்கு தளர்கிறது. தளர்ந்த இடத்தில் செம்பு கறுத்து மின்தடை கூடுகிறது. மின்தடை கூடக்கூடச் சூடும் கூடுகிறது. நம் பக்கத்து ஈரக்காற்று இதை இன்னும் விரைவாக்குகிறது. இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவமழையில் தொடங்கித் துலா (ஐப்பசி) மழை முடியும்வரை ஓதம் காயாத சுவர்கள் இங்கே எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன.

குழித்துறைப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் ஒருமுறை திறந்து பார்த்த ஜாயின்ட் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. டேப் உருகித் தேன்போல வழிந்து, மரச்சட்டத்தில் ஒட்டி இறுகியிருந்தது. அதை உரித்தபோது வயரின் சிவப்பு உறை ஒரு விரல் நீளத்துக்குக் கறுத்து, தொட்டதும் அப்பளம்போல நொறுங்கியது. உள்ளே செம்பு, செம்பின் நிறத்தில் இல்லை; ஒரு பக்கம் ஊதாவும் மறுபக்கம் கரியுமாக இருந்தது. அந்தச் சட்டத்தின் அடியில் மரம் கருகியிருந்தது. மூன்றடி தள்ளிக் காய்ந்த தேங்காய் மட்டைகள் அடுக்கியிருந்தன. விளக்கு சில நேரம் சிமிட்டுகிறது என்றுதான் என்னை அழைத்திருந்தார்கள்.

எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் இருக்கின்றனவே, அவை காப்பாற்றாதா?

இந்த ஒரு பழுதிலிருந்து அவை காப்பாற்றாது. எம்.சி.பி. என்ற தானியங்கி ஸ்விட்ச், தன் வழியாகப் போகும் மின்னோட்டம் அளவை மீறினால்தான் விழும், அதாவது தானாக அணையும். தளர்ந்த ஜாயின்ட் மின்னோட்டத்தைக் கூட்டுவதில்லை, சற்றுக் குறைக்கவே செய்கிறது. ஆர்.சி.சி.பி., பேச்சு வழக்கில் இ.எல்.சி.பி., ஃபேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று மட்டும் பார்க்கிறது. வீடுகளில் வைக்கப்படுவது 30 மில்லி ஆம்பியர் வேறுபாட்டுக்கு விழும் வகை. சூடாகும் ஜாயின்ட்டில் போனது முழுவதும் திரும்பி வந்துவிடுவதால் அதற்கு எதுவும் தெரியாது. பெட்டியில் உள்ள எந்தக் கருவியின் கண்ணுக்கும் படாத பழுது இது என்பதால்தான், ஜாயின்ட் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

அதற்காக ஆர்.சி.சி.பி. வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபேஸ் வயரில் மனிதக் கை பட்டு மின்சாரம் தரைக்குப் பாயும்போது உயிரைக் காப்பது அதுதான். அது இல்லாத வீட்டில் வேறு எந்த வேலைக்கும் முன்னால் அதை வைக்கச் சொல்வேன். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்; விழவில்லையென்றால் உடனே மாற்றுங்கள்.

மெயின் ஆஃப் செய்துவிட்டால் தைரியமாகக் கை வைக்கலாமா?

மெயினை ஆஃப் செய்வது முதல் படி மட்டுமே. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை ஆஃப் செய்தவுடன், கரண்ட் போய்விட்டது என்று எண்ணி இன்வெர்ட்டர் தன் பேட்டரியிலிருந்து விளக்குக்கும் ஃபேனுக்கும் அதே 230 வோல்ட்டைக் கொடுக்கத் தொடங்கும். இன்வெர்ட்டரை மட்டும் அணைத்தால், பல மாடல்களில் மெயின் கரண்ட் நேராக அதைக் கடந்து வரும். எனவே இரண்டையும் அணைக்க வேண்டும். கூரையில் சோலார் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் கையில் நடந்ததையே சொல்கிறேன். தொழிலுக்கு வந்து இரண்டாம் வருடம், உறவினர் வீட்டில் ஃபேன் வயர் சேர்க்க ஏணியில் ஏறினேன். அந்த அறையின் எம்.சி.பி.யை ஆஃப் செய்திருந்தேன். யாரோ முன்பு வேலை செய்தவர் பக்கத்து அறை வயரிலிருந்து ஃபேனுக்கு ஃபேஸ் எடுத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அடித்த அடியில் கை உதறி, ஏணியோடு சாய்ந்து, கட்டில்மேல் விழுந்ததால் பிழைத்தேன். சோதித்துப் பார்த்திருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். அன்று முதல், எந்த எம்.சி.பி. எதற்கு என்பதை நம்பாமல் மெயினையே அணைத்துவிட்டு, பிறகும் சோதித்துப் பார்த்தே கை வைக்கிறேன்.

சோதிக்க நியான் டெஸ்டர் மட்டும் போதாது. வெயில் வெளிச்சத்தில் அதன் ஒளி தெரியாது. காய்ந்த மர ஸ்டூலில் ஏறி நின்றால் மங்கிவிடும். உள்ளே பல்ப் பழுதாகியிருந்தாலும் கரண்ட் இல்லாதது போலவே காட்டும். மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கரண்ட் இருக்கும் ஒரு பிளக்கில் வைத்து மீட்டர் சரியாக வேலை செய்வதைப் பாருங்கள். பிறகு மெயினை அணைத்து, வேலை செய்யும் இடத்தில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் பாருங்கள். கடைசியாக, மீட்டர் நடுவில் கெட்டுப்போகவில்லை என்பதை உறுதிசெய்ய, கரண்ட் உள்ள வேறோர் இடத்தில், அதாவது மின்கம்பத்திலிருந்து தனி இணைப்புள்ள பக்கத்து வீட்டில் மீண்டும் வைத்துப் பாருங்கள். வழியில்லையென்றால் மீட்டரின் பேட்டரியையாவது புதிதாகப் போட்டுக்கொண்டு தொடங்குங்கள். அணைத்த மெயின்மேல் ஒரு காகிதம் ஒட்டி, வீட்டில் உள்ள எல்லோருக்கும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சீரியல் பார்க்க வந்தவர் ஏன் கரண்ட் இல்லை என்று மெயினைத் தூக்கிவிடுவது நம் வீடுகளில் நடக்கக்கூடியதுதான்.

நிறத்தை வைத்து எது ஃபேஸ், எது நியூட்ரல் என்று முடிவு செய்யலாமா?

நிறம் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். நம் நாட்டு வயரிங்கில் ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. வளைகுடா நாடுகளிலிருந்து வீட்டுக்கு வந்த சாதனங்களிலும், இங்கே விற்கும் பல சாதனங்களின் வயரிலும் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். இதில் நீலத்தைக் கவனியுங்கள். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டின் சுவருக்குள் அது உயிருள்ள ஃபேஸ். வெளிநாட்டிலிருந்து வந்த சாதனத்தில் அது நியூட்ரல். நிறத்தை நிறத்தோடு சேர்த்தால் போதும் என்று நினைத்து நீலத்தை நீலத்தோடு சேர்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய வீடுகளில் எல்லா வயரும் ஒரே நிறத்தில் இருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்து எது எது என்று குறித்துக்கொண்டு, மெயினை அணைத்துச் சோதித்த பிறகுதான் அடையாளத்துக்கு நிற டேப் சுற்றி வேலைக்குப் போக வேண்டும்.

சரியான ஜாயின்ட் எப்படிப் போடுவது?

ஜாயின்ட்டே இல்லாமல் முடியுமா என்று முதலில் பாருங்கள். நல்ல வயரிங்கில் வயர் ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்கு முழு நீளமாகப் போகும். கிளை பிரிவது ஸ்விட்ச் அல்லது ஹோல்டரின் திருகில்தான் நடக்கும். இதைத்தான் நாங்கள் லூப் எடுப்பது என்போம். இரண்டடி வயர் குறைகிறது என்றால், அந்த இரண்டடியை ஒட்டுப்போடுவதைவிட, பழைய வயரின் நுனியில் புது வயரைக் கட்டி, குழாய் வழியாக இழுத்து முழுதாக மாற்றிவிடுவது மேல். வயரின் விலை அதிகம் என்று தோன்றலாம். ஆனால் அந்த வேலையை இரண்டாம் முறை யாரும் செய்ய வேண்டியிருக்காது.

சேர்த்தே ஆக வேண்டும் என்றால் வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது கனெக்டர்தான். இன்று எல்லா எலெக்ட்ரிகல் கடையிலும் நெம்புகோல் வைத்த லீவர் கனெக்டர் கிடைக்கிறது. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் பை நிறைய இதைக் கொண்டுவந்த காலத்தில்தான் எங்கள் பக்கத்தில் பலரும் முதன்முதலில் பார்த்தோம். அதன் உடம்பிலேயே எத்தனை ஆம்பியர், எத்தனை சதுர மில்லிமீட்டர் வயர், எவ்வளவு உரிக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். உரிக்க வேண்டிய நீளம் பெரும்பாலும் 11 மில்லிமீட்டர். அச்சு எதுவும் இல்லாத மலிவான போலிகளைத் தொடாதீர்கள். உள்ளே உள்ள ஸ்பிரிங் சில மாதத்தில் இளகிவிடும்.

உரிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. பல்லால் கடித்து உரிப்பவர்களும், பிளேடை வட்டமாக ஓட்டி அறுப்பவர்களும் உண்டு. பிளேடு வட்டமாகப் போகும்போது செம்பில் ஒரு கீறல் விழும். பின்னாளில் வயர் அசையும்போது அந்தக் கீறலில்தான் ஒடியும். வயர் ஸ்டிரிப்பர் வாங்கிவிடுங்கள். கத்திதான் இருக்கிறது என்றால் பென்சில் சீவுவதுபோலச் சாய்த்துச் சீவுங்கள். உரித்த செம்பு பளபளவென்று இருக்க வேண்டும்; கறுத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மீண்டும் உரியுங்கள். இழைகளை விரலால் லேசாக ஒரே பக்கமாகத் திரித்து, நெம்புகோலைத் தூக்கி, வயரை அடிமட்டம் தட்டும்வரை உள்ளே தள்ளி, நெம்புகோலை அழுத்துங்கள். ஒரு இழைகூட வெளியே பிரிந்து நிற்கக் கூடாது. வெளியில் செம்பு தெரியக் கூடாது. பிறகு ஒவ்வொரு வயரையும் தனித்தனியாகப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். கையால் இழுத்தால் வரும் வயர் சூட்டிலும் வரும்.

திருகு வைத்த பட்டைக் கனெக்டர் பழைய முறை, தவறான முறை அல்ல. மெல்லிய இழைகள் கொண்ட வயரைத் திருகு நேராக அழுத்தினால் இழைகள் நசுங்கி அறுந்துவிடும். நுனியில் பின் வகை லக் என்ற சிறு உலோக முனை ஒன்றை அழுத்திப் பொருத்திவிட்டுத் திருகுங்கள். நுனியில் ஈயம் பூசித் திருகுக்குக் கீழே வைப்பதைப் பலர் நேர்த்தியான வேலை என்று நினைக்கிறார்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நெளிந்து இடம் விடும். சில மாதத்தில் அதே திருகு தளர்ந்திருக்கும்.

ஐ.டி.ஐ.யில் படித்தவர்கள் மேரீட் ஜாயின்ட், டீ ஜாயின்ட், எலிவால் ஜாயின்ட் என்று பல முறுக்கு வகைகளைப் பயின்றிருப்பார்கள். அவை நல்ல முறைகளே. ஆனால் அங்கே கற்பித்தது முறுக்குவதோடு முடியவில்லை. முறுக்கிய பிறகு, ஈயம் ஒட்ட உதவும் ரோசின் தடவி ஈயம் உருக்கி ஓடவிட வேண்டும், அதன் பிறகுதான் டேப். பின்னாளில் ஈயம் ஓடவிடும் நடுப்படியை எல்லோரும் விட்டுவிட்டார்கள், முறுக்கும் டேப்பும் மட்டும் மிஞ்சியது.

வேறு வேறு கனமுள்ள வயர்களைச் சேர்க்கலாமா?

விளக்கு வயரிங்கில் 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் பெரிய கீசருக்கும் 4 என்பது இன்று வழக்கம். பழைய வயர்மேன்கள் இன்றும் 3/20, 7/20 என்றுதான் கேட்பார்கள்; முதல் எண் எத்தனை கம்பி என்பது, இரண்டாவது எண் கம்பியின் கேஜ், அதாவது தடிமனைக் குறிக்கும் எண். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் நடுவில் அரையடி குறைகிறது என்று கையில் கிடைத்த 1 சதுர மில்லிமீட்டர் துண்டை வைத்துச் சேர்த்தால், பெட்டியில் உள்ள எம்.சி.பி. இன்னும் 2.5க்கு ஏற்ற அளவுக்குத்தான் காவல் இருக்கும். அந்தத் துண்டு சூடாகி உருகுவது அதற்குத் தெரியாது. ஒரே கனம், ஒரே உலோகம், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 694 என்று அச்சிட்ட வயர் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் பழைய அலுமினிய வயர் இருக்கிறது. அதோடு செம்பு வயரைச் சேர்க்கலாமா?

நேரடியாக முறுக்கிச் சேர்க்கவே கூடாது. அலுமினியத்தின் மேல், உரித்த சில நொடியிலேயே மின்சாரத்தைத் தடுக்கும் ஆக்சைடு படலம் உண்டாகிவிடும். திருகின் அழுத்தத்தில் அலுமினியம் மெல்ல நெளிந்துவிடும். செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் அந்த அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். இரண்டு உலோகத்துக்கும் ஏற்றது என்று குறிப்பிட்ட கனெக்டரும், அதற்குரிய பசையும் உண்டு. ஆயினும் வீட்டுக்குள் அலுமினிய வயர் இருந்தால், ஜாயின்ட்டைப் பற்றி யோசிக்காமல் அந்த வயரிங் முழுவதையும் மாற்றத் திட்டமிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஜாயின்ட்டை எங்கே வைக்க வேண்டும்?

கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்தில், மூடியுள்ள பெட்டிக்குள் வைக்க வேண்டும். குழாய்க்குள் ஜாயின்ட்டை இழுத்துவிடுவதும், சுவரில் வெட்டிய காடிக்குள் வைத்துச் சிமெண்ட் பூசிவிடுவதும், மச்சுக்கு மேல் தொங்கவிடுவதும் நான் பார்த்தவற்றில் மிகவும் வருத்தம் தரும் வேலைகள். எல்லா ஜாயின்ட்டும் என்றாவது ஒரு நாள் தளரக்கூடியது. அன்று அதைத் திறந்து பார்க்க வழி இருக்க வேண்டும். வெள்ளையடிக்க வருபவர்கள் ஜங்ஷன் பாக்ஸ் மூடிமேல் புட்டி பூசி மறைத்துவிடுவதும் நடக்கிறது. சுவர் அழகாகத்தான் இருக்கும். ஐந்து வருடம் கழித்து வருகிறவருக்குப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

பெட்டியில் வயர் நுழையும் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். கொட்டியம்பலம் என்ற வாசல் கட்டு வைத்த பழைய வீடானாலும் புது மாடி வீடானாலும், பல்லியும் சிவப்பு எறும்பும் நுழையாத பெட்டி இங்கே அபூர்வம்.

மரச்சட்டத்தில் கிளிப் அடித்த பழைய வயரிங்கில் வேலை செய்யலாமா?

ஓட்டு வீடுகளில் இன்னும் இருக்கும் இந்த வயரிங்கில், ரப்பர் உறை காய்ந்து பொறுக்குத் தட்டியிருக்கும். ஒரு நுனியை வளைத்து நிமிர்த்தினாலே கிளிப்புக்கு அடியில் உறை வெடித்துச் செம்பு தெரியும். எர்த் வயர் பெரும்பாலும் இருக்காது. உரித்தவுடன் உறை பொடியாக உதிர்ந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதில் போடும் எந்த ஜாயின்ட்டும் நிற்காது.

எர்த் வயரையும் சேர்க்கலாமா?

மற்ற இரண்டைவிடக் கவனமாகச் சேர்க்க வேண்டும். ஃபேஸ் அறுந்தால் விளக்கு அணையும், நியூட்ரல் அறுந்தாலும் அணையும். எர்த் அறுந்தால் எதுவும் அணையாது. கிரைண்டரின் உடம்பில் கரண்ட் ஏறும் நாள்வரை தெரியாது. எர்த் இல்லை என்று நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு எடுத்து எர்த் முனையில் கொடுப்பது கொலைக்குச் சமம். எங்கோ நியூட்ரல் கழன்றால் அந்தச் சாதனத்தின் இரும்பு உடம்பு முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும்.

வீட்டுக்கு வெளியிலும் கிணற்று மோட்டாருக்கும் என்ன செய்வது?

டேப் சுற்றிய ஜாயின்ட் வெளியில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. டேப்பின் பசை நனைந்து விலகும், தண்ணீர் வயர் வழியாகவே ஊர்ந்து ஜாயின்ட்டுக்கு வரும். வெளியில் என்றால் ரப்பர் வளையம் வைத்த, நீர் புகாத பெட்டி வேண்டும். வயர்கள் அதன் அடிப்பக்கத்திலிருந்து நுழைய வேண்டும். வயர் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்து மேலேற வேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப்போகும்.

நீருக்குள் இருக்கும் மோட்டாரின் கேபிள் ஜாயின்ட்டை நீங்கள் தொடாதீர்கள். அதற்கென்று உள்ள இணைப்புப் பொருளும், பயின்ற கையும் வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் கரண்ட் இறங்கினால் வாளி விடுகிறவர்தான் முதலில் அகப்படுவார்.

இன்சுலேஷன் டேப்பே உதவாதா?

உதவும். கனெக்டரை மூடவும், வயரைச் சேர்த்துக் கட்டவும், நிற அடையாளத்துக்கும் அது நல்ல பொருள். முறுக்கி ஈயம் ஓடவிட்ட ஜாயின்ட்டில், நல்ல உறையின் மேலிருந்து தொடங்கி, சற்று இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி இரண்டு மூன்று அடுக்கு சுற்ற வேண்டும். ஃபேஸ் ஜாயின்ட்டும் நியூட்ரல் ஜாயின்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் வராமல் இரண்டு அங்குலம் தள்ளித் தள்ளி இருக்கட்டும்.

அயர்ன் பாக்ஸ் வயரோ எக்ஸ்டென்ஷன் வயரோ நடுவில் அறுந்தால்?

சேர்க்காதீர்கள். புது வயர் மாற்றுங்கள். இழுபட்டும் முறுக்குண்டும் கிடக்கும் வயரில் எந்த ஜாயின்ட்டும் நிற்காது.

ஆளைக் கூப்பிடுவதென்றால் யாரைக் கூப்பிட வேண்டும்?

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மின் உரிமம் வழங்கும் வாரியங்கள் தனித்தனியாக உள்ளன. எல்லைக்கு இந்தப் பக்கம் நல்ல பெயர் எடுத்த வயர்மேனாக இருந்தாலும், அந்தப் பக்கத்தில் புது இணைப்புக்காகக் கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.யிடம் சமர்ப்பிக்கும் சான்றில் அங்கே உரிமம் உள்ள ஒப்பந்ததாரர்தான் கையொப்பமிட வேண்டும். பாறசாலையில் வீடு கட்டிவிட்டு மார்த்தாண்டத்து ஆளிடம் வேலை கொடுப்பவர்கள் இதைத் தொடக்கத்திலேயே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. சிறு பழுதுக்கு யாரைக் கூப்பிட்டாலும், ஜாயின்ட் எங்கே போட்டீர்கள், திறந்து காட்டுங்கள் என்று கேளுங்கள். நல்ல வேலைக்காரர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

பக்கத்தில் யாருக்காவது ஷாக் அடித்தால்?

அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள். அணைக்க முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ வயரிலிருந்து விலக்குங்கள். மூச்சு இல்லையென்றால் உடனே 108ஐ அழைத்துவிட்டு, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள்; இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். எழுந்து நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; இதயத் துடிப்பில் கோளாறு பிறகும் வரலாம்.

ஏற்கனவே உள்ள ஜாயின்ட் கெட்டுப்போவதை எப்படித் தெரிந்துகொள்வது?

கீசர் போட்டால் அந்த அறை விளக்கு சிமிட்டுவது, ஸ்விட்ச் போர்டின் ஒரு மூலை பழுப்பாவது, போர்டில் மெல்லிய சீறல் சத்தம் கேட்பது ஆகியவை அடையாளங்கள். எல்லாவற்றிலும் முந்தி வருவது வாசனை. ஸ்விட்சும் ஹோல்டரும் செய்யப் பயன்படும் சில பிளாஸ்டிக்குகள் சூடேறும்போது மீன் வாடைபோன்ற ஒரு வாடையை விடும். நம் வீடுகளில் நாள் தவறாமல் மீன் வாங்குவதால், அந்த வாடையை யாரும் போர்டோடு சேர்த்து நினைப்பதில்லை. மீன் வாங்காத நாளில், சமையலறை அல்லாத அறையில் அந்த வாடை வந்தால், மெயினை அணைத்துவிட்டுப் போர்டைத் திறந்து பாருங்கள்.

புதிதாகப் போட்ட ஜாயின்ட்டையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். அந்த வயரில் வரக்கூடிய முழுச் சுமையையும் அரை மணி நேரம் ஓடவிட்டு, மெயினை அணைத்து, சோதித்துவிட்டு, பெட்டியைத் திறந்து கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். வயர் முழுவதும் ஒரே மாதிரி இளஞ்சூடாக இருந்தால் பரவாயில்லை. ஜாயின்ட் மட்டும் தனியாகச் சுட்டால் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பட்டைக் கனெக்டராக இருந்தால் ஒரு வாரம் கழித்து மெயினை அணைத்துத் திருகுகளை இன்னொரு முறை இறுக்குங்கள். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை இன்னும் கால் சுற்றாவது உள்ளே போகும்.